நாடாவில் இருந்த குரல்

தாலாட்டு, ஊஞ்சல் பாட்டு, வைகாசியில் கண்ணகியம்மனுக்குப் பாடும் குளிர்த்தி எல்லாவற்றையும் இப்போது கைத்தொலைபேசியிலேயே பதிந்து வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு அனுப்பிவிடலாம். செலவில்லை. ஆனால் தேற்றாத்தீவுப் பக்கம் பாடுகிற பெண்களிடம் ஒரு குறை உண்டு. தகரப் பேணிக்குள் நின்று பாடுவதுபோல் கிடக்கிறதாம். பழைய ரேப் றெக்கோடரில் கேட்ட இதம் இதில் இல்லை என்கிறார்கள்.

அது வெறும் நினைப்பல்ல, சகோதரிகளே. 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய ஒலிநாடா, நாலு மில்லிமீற்றருக்கும் குறைந்த அகலமுள்ள பிளாஸ்டிக் பட்டிதான். அதன் மேல் இரும்பு ஒட்சைட்டுத் தூள் பூசப்பட்டிருந்தது. குரல் உயர்ந்து தாங்கும் அளவைத் தாண்டினால், நாடா அதை வெட்டாது, மெல்ல வளைத்துக்கொள்ளும். கூரிய ஓசைகளும் சற்று மழுங்கும். கைத்தொலைபேசியோ குரலை எண்களாக மாற்றுகிறது. அளவு மீறினால் உச்சியைக் கத்தரித்துவிடும். பக்கத்துச் சத்தத்தை நீக்குகிறேன் என்று பாட்டிலும் கொஞ்சத்தைத் தின்றுவிடும்.

மென்பொருளைத் தேடுமுன் வீட்டைப் பாருங்கள். சீமெந்துச் சுவரும் தகரக் கூரையும் குரலைத் திருப்பி அடிக்கும். மெத்தை, சேலைக்கொடி, நெல்மூட்டை உள்ள அறையில் பாடுங்கள். தொலைபேசியை வாய்க்கு நேரே பிடிக்காமல், ஒரு முழம் தள்ளிப் பக்கவாட்டில் வையுங்கள். வாட்சப்பில் நேரே பாடாமல் ஒலிப்பதிவுச் செயலியில் ‘வேவ்’ வடிவில் பதியுங்கள். என் அனுபவத்தில் பாதிக் குறை இதிலேயே தீரும்.

மீதிக்கு ‘ஓடாசிற்றி’ என்ற இலவசக் கணினி மென்பொருள் போதும். கீழ்ச்சுருதியைக் கொஞ்சம் ஏற்றி, கூரிய ஓசையைக் கொஞ்சம் இறக்குங்கள். நாடா செய்ததுபோல உச்சியை மென்மையாக வளைக்கும் வசதியும் அதில் உண்டு. வேலை செய்யும் ரேப் றெக்கோடர் இருந்தால், பாட்டை வயர் மூலம் வெற்று நாடாவில் பதிந்து, மறுபடி கணினிக்கு எடுக்கலாம். எது செய்தாலும் முதற்பதிவைத் தொடாமல் தனியே வையுங்கள்.

வெற்று நாடா என்றேன். இந்த இடத்தில் மிகக் கவனம் தேவை. முன்பு மத்திய கிழக்குக்குப் போனவர்கள் கடிதத்துக்குப் பதிலாகக் குரலைப் பதிந்து அனுப்பினார்கள். காணாமற்போன மகனின் குரல் ஒரு கல்யாணவீட்டு நாடாவின் மறுபக்கத்தில் மட்டுமே இருக்கலாம். போரிலும் 2004 டிசம்பர் 26 சுனாமியிலும் தப்பிய நாடாவில் தவறியும் மேலெழுதிவிடக் கூடாது. நாடாப்பெட்டியின் மேல்விளிம்பில் உள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் தகடுகளை உடைத்துவிட்டால் றெக்கோடர் அதில் பதியாது.

வாவிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள ஊர்களில் நாடாவில் பூஞ்சணம் பிடிப்பது வழக்கம். வெள்ளைப் பொட்டுத் தெரிந்தால் ஓட்டிப் பார்க்காதீர்கள், அனுபவமுள்ளவரிடம் கொடுங்கள். நல்ல நாடாவையும் முதலில் ஒருமுறை முழுதாக முன்னும் பின்னும் சுற்றிவிட்டே போடவேண்டும்.

தேற்றாங்கொட்டையைக் குடத்தில் உரைத்தால் கலங்கிய தண்ணீர் தெளியும். இரைச்சல் நீக்கும் வசதியும் அப்படித்தான், அளவோடு வேண்டும். அதிகம் நீக்கினால் குரல் தண்ணீருக்குள் பேசுவதுபோலாகும். பின்னால் கேட்கும் சேவற்கூவலும் யாரோ இருமுவதும் கூடப் போய்விடும். அந்த இருமல் யாருடையது என்று வீட்டாருக்குத் தெரியும். அதை நீக்கவேண்டாம். பாடியவர், ஊர், ஆண்டு ஆகியவற்றை எழுதி, இரண்டு பிரதிகளை இரண்டு வீடுகளில் வையுங்கள்.