பெட்டிக்குள் ஒரு குட்டி மின் நிலையம்

கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் கடைசியாகக் கவனிக்கும் பாகம்தான் மின்வெட்டு வந்தால் முதலில் சோதனைக்கு உள்ளாகிறது.

திருப்பதி என்றதும் நினைவுக்கு வருவது லட்டும் தரிசன க்யூவும்தான். ஆனால் ஊருக்கு வெளியே கரகம்பாடியில் தயாராகும் பொருளுக்கும் நாடெங்கும் வாடிக்கையாளர்கள் உண்டு: பேட்டரி. சித்தூர் வட்டாரத்தின் பேட்டமிட்ட கிராமத்தில் பிறந்து, அமெரிக்காவில் பொறியாளராக இருந்து ஊர் திரும்பிய கல்லா ராமச்சந்திர நாயுடு 1985இல் தொடங்கிய அமர ராஜா நிறுவனம், கார்களுக்கும் யூ.பி.எஸ். கருவிகளுக்கும் பேட்டரி தயாரிக்கிறது. இந்த வியாபாரத்தின் மூலதனங்களில் ஒன்று, இந்திய மின்சாரத்தின் நிலையற்ற குணம்.

மின்சாரம் நின்றதும் யூ.பி.எஸ். விழித்துக்கொள்ளச் சில மில்லி விநாடிகள் ஆகும். அந்த இடைவெளியில் கம்ப்யூட்டரைக் காப்பாற்றுவது எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் தகரப் பெட்டி. தன் கெபாசிட்டரில் சேர்த்துவைத்த மின்சாரத்தைக் கொண்டு சுமார் 17 மில்லி விநாடிகள், அதாவது ஒரு விநாடியில் ஐம்பதில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம், அது தாக்குப்பிடிக்க வேண்டும். தரமற்ற பெட்டிக்கு அந்தத் தெம்பு கிடையாது. யூ.பி.எஸ். இருந்தும் திரை இருண்டுவிடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அதன் அன்றாட வேலை, வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்திசை மின்சாரமாக மாற்றுவது. மஞ்சள் கம்பியில் 12, சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3 வோல்ட், கறுப்பு எர்த். அணைத்த பிறகும் ஊதாக் கம்பியில் 5 வோல்ட் ஓடிக்கொண்டிருக்கும். பட்டனை அழுத்தினால் கம்ப்யூட்டர் எழுவது அதனால்தான்.

இணைப்புகள் ஒரு தனிக்கதை. பழைய ஏ.டி. ரகத்தில் மதர்போர்டுக்கு இரண்டு பிளக்குகள். கறுப்புக் கம்பிகள் நடுவில் சேரும்படி செருக வேண்டும். மாற்றிச் செருகினால் மதர்போர்டு காலி. இன்டெல் 1995இல் கொண்டுவந்த ஏ.டி.எக்ஸ். முறை, ஒரு பக்கமாக மட்டுமே நுழையும் 20 முனை பிளக்கைத் தந்து இந்த ஆபத்தை ஒழித்தது. பின்னர் அது 24 முனையானது. பிராசசருக்கு 4 அல்லது 8 முனை, ஹார்ட் டிஸ்க்குக்கு 15 முனை சாட்டா, கிராஃபிக்ஸ் கார்டுக்கு 75 வாட் தரும் 6 முனை அல்லது 150 வாட் தரும் 8 முனை என்று குடும்பம் பெருகியது. 2022இல் வந்த புதிய பிளக் 600 வாட் வரை சுமக்கும். ஆனால் முழுவதும் உள்ளே அழுந்தாத பிளக்குகள் சூடேறி உருகியதால், அதன் வடிவத்தை 2023இல் திருத்த வேண்டியிருந்தது.

கழற்றி மாட்டும் கேபிள்களிலும் பொறி உண்டு. பெட்டியின் பக்கத்தில் கம்பிகளின் வரிசைக்குப் பொதுவிதி கிடையாது. ஒரு கம்பெனியின் கேபிளை இன்னொன்றில் மாட்டினால் ஹார்ட் டிஸ்க்கும் அதிலிருக்கும் தகவல்களும் சேர்ந்தே போகலாம்.

வாங்கும்போது மேலே ஒட்டிய பெரிய எண்ணை நம்ப வேண்டாம். லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேரே உள்ள ஆம்பியரைப் பாருங்கள். 18 என்றிருந்தால் 216 வாட்தான் தேறும். இன்றைய கம்ப்யூட்டரின் பெரும்பசி இந்த 12 வோல்ட்டுக்குத்தான். எனவே '450 வாட்' என்பது வெறும் அலங்காரம். 2004இல் தொடங்கிய '80 ப்ளஸ்' முத்திரை, செயல்திறன் குறைந்தது 80 சதவீதம் என்பதற்கு அடையாளம். உள்ளே 300 வாட் தேவைப்படும்போது 80 சதவீதப் பெட்டி சுவரிலிருந்து 375 வாட் இழுக்கும். 90 சதவீதப் பெட்டிக்கு 333 போதும். மிச்சமெல்லாம் வெப்பம், கரன்ட் பில்லில் அதற்கும் காசு உண்டு. ஒன்று மட்டும் கூடாது: பெட்டியைத் திறப்பது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

திருப்பதிக்கும் இந்தத் தொழிலில் நெருடல்கள் உண்டு. ஈய மாசு தொடர்பாக ஆந்திர மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021இல் அமர ராஜா ஆலைகளை மூட உத்தரவிட்டது. உயர் நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. மறுபுறம், சென்னையைச் சேர்ந்த முனோத் நிறுவனம் 2022இல் திருப்பதியில் ரூ.165 கோடி லித்தியம் செல் ஆலையின் முன்னோட்ட உற்பத்தியைத் தொடங்கியது. நாளைய யூ.பி.எஸ்.ஸில் ஈயத்துக்குப் பதில் லித்தியம் இருக்கக்கூடும். ஆனால் பேட்டரி எதுவானாலும், அது விழிக்கும்வரை காவல் நிற்க வேண்டியது அந்தத் தகரப் பெட்டிதான்.