அடுத்த வீட்டையும் அதிரவைக்கும் ‘பேஸ்’: அடக்க எளிய வழிகள்

புதிதாக வாங்கிய ஒலிபெருக்கியில் பாட்டைப் போட்டால், பாடகரின் குரல் மங்கி, ‘டும் டும்’ என்ற அதிர்வு மட்டுமே வரவேற்பறையை நிரப்புகிறதா? கருவியைக் குறைசொல்லும் முன்னர் அறையைக் கவனிப்பது நல்லது.

‘பேஸ்’ எனப்படும் தாழ்ந்த ஒலியின் அலைகள் மிக நீளமானவை. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 7 மீட்டர். வீவக வீடுகளின் கான்கிரீட் சுவர்களில் பட்டு இந்த அலைகள் திரும்பி வருகின்றன. அவை ஒன்றோடொன்று சேரும்போது அறையின் சில இடங்களில் ஒலி பெருகுகிறது, சில இடங்களில் தேய்கிறது. 4 மீட்டர் நீளமுள்ள அறையில் 43 ஹெர்ட்ஸ் அருகே இந்த விளைவு தொடங்கும். சுவரோரம் சோஃபாவில் இருப்பவருக்கு இரைச்சலாகக் கேட்கும் பேஸ், அறையின் நடுவே நிற்பவருக்கு மெலிந்து கேட்பது இதனால்தான்.

இடத்தை மாற்றுங்கள்

முதல் தீர்வுக்குச் செலவே இல்லை. ஒலிபெருக்கி மூலையில் இருந்தால் இரு சுவர்களும் தரையும் சேர்ந்து பேஸைக் கூட்டிவிடும். அதை மூலையிலிருந்து வெளியே எடுத்து, சுவரிலிருந்து அரை மீட்டர் வரை தள்ளி வைத்துப் பார்க்கலாம். சோஃபாவையும் சுவரிலிருந்து சற்று முன்னே இழுத்தால் வேறுபாடு தெரியும்.

தனி ‘சப்வூஃபர்’ வைத்திருப்போருக்கு ஓர் உத்தி உண்டு. அதைச் சோஃபா இருக்கும் இடத்தில் வைத்து, பேஸ் நிறைந்த பாட்டை ஒலிக்கவிட்டு, அறையின் ஓரங்களில் குனிந்தபடி மெல்ல நகர்ந்து கேட்க வேண்டும். எங்கே பேஸ் சீராகக் கேட்கிறதோ, அங்கே சப்வூஃபரை வைக்கலாம்.

பொத்தான்களைச் சரிபாருங்கள்

‘லவுட்னஸ்’ பொத்தான் இருந்தால் அணைத்துவிடுங்கள். சத்தம் குறைவாக இருக்கும்போது மனிதக் காதுக்குத் தாழ்ந்த ஒலி சரியாகக் கேட்காது. அதை ஈடுகட்டவே அந்தப் பொத்தான் பேஸைக் கூட்டுகிறது. அடுத்து, சப்வூஃபரின் ஒலியளவைக் குறைத்து, ‘கிராஸ்ஓவர்’ அளவை 80 ஹெர்ட்ஸ் அருகே வைத்துக் கேட்டுப் பார்க்கலாம். ‘சவுண்ட்பார்’ கருவிகள் பலவற்றில் இரவுநேரப் பயன்முறை உண்டு.

பெட்டியின் பின்புறமோ முன்புறமோ காற்றுத் துளை இருந்தால், அதில் பஞ்சுத் துண்டையோ சுருட்டிய காலுறையையோ செருகினால் பேஸ் குறையும். உள்ளே விழுந்துவிடாத அளவில் அது இருக்க வேண்டும்.

எது பயன் தராது?

சுவரில் முட்டை அட்டைகளையும் மெல்லிய பஞ்சையும் ஒட்டுவதால் பேஸ் குறையாது. அவை உயர்ந்த ஒலிகளையே உறிஞ்சும். அதனால் குரல் மேலும் மங்கி, பேஸ் இன்னும் தூக்கலாகக் கேட்கும். தாழ்ந்த ஒலியை உறிஞ்ச, மூலைகளில் தடித்த கனிமக் கம்பளிப் பலகைகள் வேண்டும்.

பெட்டியின் அடியில் ரப்பர் விரிப்பு வைத்தால் தரைக்குச் செல்லும் அதிர்வு குறையலாம். ஆனால், காற்றில் பரவும் பேஸை அது தடுக்காது. தாழ்ந்த ஒலி சுவரையும் கடந்து செல்லக்கூடியது. அடுத்த வீட்டில் பாட்டின் சொற்கள் கேட்காவிட்டாலும் அதிர்வு மட்டும் கேட்பது அதனால்தான். இடமாற்றம் உங்கள் அறைக்கு உதவும். அண்டைவீட்டாருக்கு உதவ, ஒலியளவையும் குறைத்தாக வேண்டும்.

அண்டைவீட்டு இரைச்சலை ஆராயச் சிங்கப்பூரில் அமைக்கப்பட்ட சமூக ஆலோசனைக் குழு, அமைதி நேரத்தை இரவு 10 மணி முதல் காலை 8 மணி வரை நீட்டிக்கும்படி 2022ல் பரிந்துரைத்தது. குழந்தைகள், முதியோர், இரவு வேலை முடித்துப் பகலில் உறங்குவோர் எல்லாரும் ஒரே புளோக்கில் வாழ்கிறார்கள் என்பதை நினைவில் கொள்வது நல்லது.

மாற்றங்களைச் செய்த பிறகு, வழக்கமான ஒலியளவில் பாட்டைப் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள். “இங்கே கேட்கிறதா?” என்று கேளுங்கள். மனக்கசப்பு முற்றி, சமரச நிலையம் வரை போவதைவிட, அந்த ஒரு கேள்வி எளிது.