கடைகளில் வேலை பார்ப்பவர்கள் உட்காரலாமா? சட்டம் என்ன சொல்லுது?

தி.நகர் ரங்கநாதன் தெருவில் துணி எடுக்கப் போயிருப்பீங்க. நாம ஸ்டூல்ல உட்கார்ந்து பார்ப்போம். புடவையை விரிச்சுக் காட்டுற அக்கா மட்டும் நின்னுக்கிட்டே இருப்பாங்க. கூட்டம் இல்லாத நேரத்திலும் அப்படித்தான். அவங்களுக்கு உட்கார உரிமை இருக்கா? இருக்கு.

சட்டம் எப்போ வந்தது?

2021 செப்டம்பரில் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ல் திருத்தம் கொண்டுவரப்பட்டது. புதிதாகச் சேர்க்கப்பட்ட 22-ஏ பிரிவின்படி, எல்லா ஊழியர்களுக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும். ஃபேக்டரியில் நின்று வேலை செய்பவர்களுக்கு 1948 தொழிற்சாலைகள் சட்டத்திலேயே இந்த வசதி தரப்பட்டிருந்தது. கடை ஊழியர்களுக்கு வர 70 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கு.

முதலில் கொண்டுவந்தது யார்?

கேரளா, 2018-ல். அதற்குப் பின்னால் இருந்தது ஒரு போராட்டம். கோழிக்கோடு மிட்டாய்த் தெரு கடைகளில் வேலை பார்த்த பெண்கள், தையல் தொழிலாளியான விஜி தலைமையில் 'பெண்கூட்டு' என்ற அமைப்பாகத் திரண்டார்கள். அவர்கள் முதலில் கேட்டது கழிப்பறை. அடுத்து கேட்டது நாற்காலி. பிரிட்டனில் கடைகளில் வேலை பார்க்கும் பெண்களுக்கு இருக்கை தரணும்னு 1899-லேயே சட்டம் வந்துவிட்டது.

நின்னா என்ன ஆகும்?

மணிக்கணக்கில் நின்றால் கால் வீக்கம், முதுகுவலி வரும். காலில் ரத்தக்குழாய்கள் புடைத்துச் சுருண்டுகொள்ளும் 'வெரிகோஸ் வெயின்' பிரச்னைக்கும் வாய்ப்பு அதிகம்.

சிக்கல் எங்கே?

நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கலாம்னு சட்டம் சொல்லவில்லை. வேலைக்கு நடுவே வாய்ப்பு கிடைக்கும்போது உட்காரலாம் என்கிறது. அந்த வாய்ப்பு எப்போன்னு நடைமுறையில் முடிவு பண்றது ஃப்ளோர் சூப்பர்வைசர். உட்கார்ந்திருந்தா சோம்பேறி, கஸ்டமர் முன்னாடி உட்கார்ந்தா மரியாதைக் குறைவு என்று நினைக்கிற நிர்வாகம் இருந்தால், ஸ்டூல் ஓரமாகக் கிடக்கும், ஊழியர் நின்றுகொண்டே இருப்பார். நாமளும் யோசிக்கணும். பில் போடுறவர் உட்கார்ந்தே பில் போட்டா நமக்கு என்ன நஷ்டம்?

வேறு என்ன உரிமை இருக்கு?

அதே சட்டப்படி வழக்கமான வேலை நேரம் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். 4 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால், இடையில் குறைந்தது 1 மணி நேரம் ஓய்வு தரணும். வாரத்தில் ஒரு நாள் லீவும் உண்டு.

எங்கே புகார் சொல்வது?

உங்க மாவட்டத்தில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தில், தொழிலாளர் உதவி ஆணையரிடம் (அமலாக்கம்) புகார் கொடுக்கலாம். வேலை போயிடுமோன்னு பயந்தா, தனியாகப் போகாமல் நாலு பேராகச் சேர்ந்தோ, தொழிற்சங்கம் மூலமாகவோ போங்க. கோழிக்கோட்டுப் பெண்களும் சேர்ந்து நின்றுதான் உட்காரும் உரிமையை வாங்கினாங்க.