நள்ளிரவுப் பசி

வெள்ளவத்தையில் வாடகை வீடொன்றில் நாங்கள் நால்வர் வசிக்கின்றோம். விடைத்தாள் திருத்தும் நள்ளிரவுகளில், குசினித் தட்டிலுள்ள பயற்றம் பணியாரப் பேணி என்னை அழைக்கும். அது அறைநண்பரின் தாயார் பருத்தித்துறையிலிருந்து அனுப்பியது. ஒன்றுதானே என்று எடுத்துவந்தேன்; ஒருநாள் பேணி வெறுமையாயிற்று. நண்பர் எதுவும் வினவவில்லை. அம்மௌனமே என்னைச் சுட்டது.

சிக்காகோப் பல்கலைக்கழகத்தார் 2004இல் வெளியிட்ட ஆய்வொன்றில், இளைஞர் 12 பேரை இரண்டு இரவுகள் நான்கு மணிநேரமே உறங்க விட்டனர். நீண்ட உறக்கத்தோடு ஒப்பிடுகையில், பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் ஓமோன் 28 வீதம் கூடிற்று. பசியை அடக்கும் லெப்டின் 18 வீதம் குறைந்தது. என் பசிக்கு உறக்கக் குறைவும் காரணமாயிருக்கலாம். எனினும், பிறர் பேணியைத் திறந்த கைக்கு அது சாட்டாகாது.

இப்போது பத்து மணிக்கே விளக்கை அணைத்து, எஞ்சிய தாள்களை விடியலில் திருத்துகின்றேன். குற்றத்தை ஒப்புக்கொண்டு, ஈடாகப் பணியாரம் வாங்கிக் கொடுத்தேன். நண்பர் முதலாவதை என்னிடமே நீட்டினார். பட்டப்பகலில், நால்வரும் கூடியிருந்து உண்ட அதன் சுவை, நள்ளிரவில் ஒருநாளும் எனக்குக் கிட்டியதில்லை.