கொடையின் கணக்கு: அன்றும் இன்றும்

எங்கள் ஊர் வடமதுரைக்குக் கொடை புதிதல்ல. சௌந்தரராஜப் பெருமாள் கோயில் திருவிழாவுக்கு அள்ளிக் கொடுப்பவர்கள் இங்கே உண்டு. சுற்றுவட்டார நூற்பாலைப் பணம் ஊருக்கும் வந்திருக்கிறது.

பள்ளிக்குக் கொடுப்பதென்றால் அன்று வகுப்பறை, சுற்றுச்சுவர், மின்விசிறி. விசிறி இறக்கையில் ‘உபயம்’ என்று எழுதி, பக்கத்தில் கொடுத்தவர் பெயர். அந்தக் காற்று பிள்ளைகளுக்குத் தேவைதான். கொடுத்த மனமும் பெரிதுதான். ஆனால் விசிறிக்குக் கீழே உட்கார்ந்த பிள்ளை வாசிக்கக் கற்றதா என்று கொடுத்தவரும் கேட்டதில்லை, வாங்கியவரும் சொன்னதில்லை.

அந்தக் கேள்வியையே தன் வேலையாக எடுத்துக்கொண்டவர் ஆஷிஷ் தவான். கோல்ட்மன் சாக்ஸில் பணியாற்றியவர். 1999-ல் கிரிஸ்கேபிட்டல் முதலீட்டு நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். 2012-ல் அதை விட்டு விலகி, சென்ட்ரல் ஸ்கொயர் அறக்கட்டளையை நிறுவினார். ஆரம்பத்தில் அது கல்வித்துறைக்குப் புதிதாக வந்த சிறு அமைப்புகளுக்குக் கைகொடுத்தது. பிறகு தொடக்க வகுப்புகளின் எழுத்தறிவு, எண்ணறிவு மீது கவனத்தைக் குவித்து, மாநில அரசுகளோடு சேர்ந்து வேலை செய்யத் தொடங்கியது. காரணம் எளிது. எவ்வளவு பெரிய பணக்காரரும் அரசின் கல்விச் செலவுக்கு ஈடு கொடுக்க முடியாது. ஆனால் அந்தச் செலவு நல்ல பலன் தர, ஆசிரியர் பயிற்சிக்கும் பாடக் கருவிகளுக்கும் மதிப்பீட்டுக்கும் தோள் கொடுக்கலாம்.

இன்று அரசே அந்தக் கேள்வியைக் கேட்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசின் அடிப்படை எழுத்தறிவு, எண்ணறிவுத் திட்டமான நிபுண் பாரத் வந்தது. 2022 ஜூனில் தமிழக அரசின் ‘எண்ணும் எழுத்தும்’. அதன்படி வகுப்பறையில் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிந்து கற்கிறார்கள். மூன்றாம் வகுப்பானாலும் எழுத்துக் கூட்டத் தடுமாறினால் அந்தப் பிள்ளைக்கு அரும்பிலிருந்தே பயிற்சி தொடங்குகிறது.

முதலீட்டுத் தொழிலிலிருந்து கொடைக்கு வர வேண்டியது ‘பணம் என்ன செய்தது?’ என்று விடாமல் கேட்கும் பழக்கம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை லாபம் பார்க்கும் அவசரம் வரக் கூடாது. வாசிப்பு கைகூட ஆண்டுகள் ஆகும்.

நம் ஊரில் கொடுக்க மனமுள்ளவர்கள் முதலில் தலைமையாசிரியரிடம் போய் உட்காருங்கள். எத்தனை பிள்ளைகள் அரும்பிலேயே நிற்கிறார்கள், அவர்கள் மலருக்கு வர என்ன வேண்டும் என்று கேளுங்கள். அம்மா மில்லுக்கு இரவு ஷிப்ட் போகும் வீட்டுப் பிள்ளைக்கு, மாலையில் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க வைக்கும் ஒருவர் தேவைப்படலாம். அவருக்கு மாதச் சம்பளம் கொடுப்பதும் ஊருக்குச் செய்யும் பெரிய கொடைதான்.