மொறிஸ் மைனரும் உடம்படுமெய்யும்

பழைய மோட்டார் வண்டி ஒன்றின் இயந்திரத்தைக் கழற்றிவிட்டு, அவ்விடத்தில் அதனினும் புதியதோர் இயந்திரத்தைப் பொருத்தினால், அது பழைய வண்டியா, புதிய வண்டியா? இலக்கணம் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கும் ஒருவனுக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று வாசகர் நகைக்கலாம். நானாகத் தேடிச் சென்ற ஆராய்ச்சி அன்று இது. சென்ற ஆண்டு எங்கள் வீட்டு முற்றத்தில் வந்து நின்று, விடை சொன்னாலன்றி அகலேன் என்று அடம்பிடித்தது.

எங்கள் வண்டி 948 சி.சி. மொறிஸ் மைனர். என் தந்தையார் திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் எழுதுவினைஞராக இருந்தவர். 1957ஆம் ஆண்டு ஒக்டோபரில் பிரித்தானியர் அத்தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்துச் சென்றபின், வேறோர் அலுவலகத்திற் சேர்ந்து, சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் 1964இல் அதனைப் பாவித்த வண்டியாக வாங்கினார். மாலையில் உட்துறைமுக வீதி வழியாக அவர் வருவார். சந்தியிலே கியரைக் குறைக்கும்போது புகைபோக்கியில் ‘பொரு பொரு’ என்றோர் ஒலி எழும். அவ்வொலி கேட்டதும் அம்மா தேநீருக்கு அடுப்பை மூட்டுவார். தந்தையார் வாசலில் செருப்பைக் கழற்றும்போது நீர் கொதித்திருக்கும். அவர் மறைந்தபின் வண்டி என் கைக்கு வந்தது. ஒலியும் அடுப்பும் மாறவில்லை. தொண்ணூறை அணுகும் அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது, காது மங்கவில்லை.

அந்த இயந்திரந்தான் சென்ற ஆண்டு வாய்மூடியது. வார்ப்பிரும்பிலே நீர் ஓடும் சுவர் வெடித்து, எண்ணெயோடு நீர் கலந்துவிட்டது. துறைமுகத்து நீர் தெரியும் தூரத்தில் கராஜ் வைத்திருக்கும் கிண்ணியா முதியவர் ஒருவரிடம் வண்டியைக் கட்டியிழுத்துச் சென்றேன். ஊரில் எல்லார்க்கும் அவர் நானா. அவர் நெடுநேரம் பார்த்தார். “சேர், இது இனி ஒட்டினாலும் நிக்காது. சீமையிலயிருந்து சாமான் எடுக்கலாம். உங்கட சம்பளம் காணாது. ஜப்பான் எஞ்சின் ஒண்டு போடுவம். உங்கட பேரப்பிள்ளையும் ஓடும்” என்றார்.

அன்றிரவு எனக்கு உறக்கமில்லை. தந்தையார் கைபட்ட இயந்திரத்தை எறிந்துவிட்டு அந்நிய இயந்திரம் ஒன்றைக் குடியேற்றுவது நன்றிகேடு என்று நெஞ்சு சொல்லிற்று. காரணமின்றி நெஞ்சு சொல்வதைப் பண்டிதன் ஏற்கலாமா? முதலில் அவ்வண்டியின் குலமுறையை ஆராய்ந்தேன். அங்கேதான் எனக்கு முதல் வியப்புக் காத்திருந்தது.

மொறிஸ் மைனரை வரைந்தவர் அலெக் இசிகோனிஸ். 1948ஆம் ஆண்டு ஒக்டோபரில், இலண்டன் மோட்டார் கண்காட்சியில் அது முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வந்தது. அதற்கென அவர் எண்ணியிருந்தது, இருபுறமும் படுத்த நிலையில் உருளைகள் அமைந்த வேறோர் இயந்திரம். அது கைகூடவில்லை. எனவே, பழைய மொறிஸ் எயிற் வண்டியின் 918 சி.சி. இயந்திரத்தையே எடுத்துப் பொருத்தினர். 1952இல் மொறிஸ் நிறுவனமும் ஒஸ்ரின் நிறுவனமும் ஒன்றாயின. உடனே ஒஸ்ரினின் 803 சி.சி. இயந்திரம் உட்புகுந்தது. 1956இல் அது 948 சி.சி. ஆயிற்று, 1962இல் 1098 சி.சி. ஆயிற்று. பதினான்கு ஆண்டுகளுள் மூன்று மாற்றங்கள்! மூல இயந்திரம், மூல இயந்திரம் என்று நான் உருகிக்கொண்டிருந்த பொருளே, வேறொன்றுக்காகக் கட்டிய வீட்டிற் குடிவந்ததுதான். அகன்ற இயந்திரத்தை எண்ணி அமைத்தமையாலேதான் அவ்வண்டியின் மூக்கினுள் இத்துணை இடம் இருக்கிறது. பிற்காலத்தவர் பற்பல இயந்திரங்களை அதனுள் இறக்க முடிவதும் அதனாலேதான்.

அடுத்த வீட்டாரான இந்தியரும் இதனையே செய்தனர். மொறிஸ் ஒக்ஸ்போர்ட் வண்டியைத் தழுவி, வங்காளத்து உத்தரபாராவில் இந்துஸ்தான் நிறுவனத்தார் செய்த அம்பாசடர் வண்டிக்கு, 1990களின் தொடக்கத்தில் ஜப்பானிய இசுசு நிறுவனத்தின் 1800 சி.சி. இயந்திரத்தைப் பொருத்தினர். உருவம் மாறவில்லை. 2014இல் உற்பத்தி நிற்கும்வரை மக்கள் அதனை அம்பாசடர் என்றே அழைத்தனர்.

நிற்க. நம் நாட்டில் இவ்வழக்கம் ஆசையாற் பிறந்ததன்று; வறுமையாற் பிறந்தது. 1960களிலும் 1970களின் முற்பகுதியிலும் அந்நியச் செலாவணி நெருக்கடியால் வண்டி இறக்குமதிக்குக் கடுங் கட்டுப்பாடு இருந்தது. உள்ள வண்டியைச் சாகவிடாமற் காப்பதே வழியாயிற்று. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபின், ஜப்பானில் ஓடிக் கழிந்த வண்டிகளும் இயந்திரங்களும் கப்பல் கப்பலாக வந்தன. ஆங்கில உடலும் ஜப்பானிய உயிரும் கொண்ட வண்டிகள் வீதிக்கு வந்தன. 2020இல் இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. தனியார் வண்டிகளுக்கு 2025 பெப்ரவரி வரை கதவு திறக்கவில்லை. இந்தக் காலத்திலும் பழைய வண்டிகள் பல இவ்வாறே பிழைத்தன.

பழைய இயந்திரத்தின் பக்கம் நின்று பேசவும் பொருள் உண்டு. அதனை நான் மறைத்தல் முறையன்று. 1990களில், பண்டித வகுப்பின் பொருட்டு நான் யாழ்ப்பாணத்தில் இருந்த காலம் அது. பொருளாதாரத் தடையால் பெற்றோல் மருந்துக்கும் அரிது. ஆயினும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் வண்டிகளும் மொறிஸ் மைனர்களும் ஓடின. காபரேற்றரிலே சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தை எழுப்புவார்கள். எழுந்தபின் மண்ணெண்ணெயிலே ஓட்டுவார்கள். அந்தப் புகை மணமும் கண்ணெரிவும் இன்றும் நினைவில் நிற்கின்றன. அழுத்தம் குறைந்த, எளிய அமைப்புடைய பழைய இயந்திரமாகையால் அது மண்ணெண்ணெயையும் உண்டு செரித்தது. கணினியும் நுண்டுளை எரிபொருட் குழாயும் உடைய இன்றைய இயந்திரம் அவ்வுணவை ஏற்குமா? எத்தனையோ கர்ப்பிணிகளையும் காயம்பட்டோரையும் அந்த வண்டிகளே மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தன. அவற்றைப் ‘பழைய இரும்பு’ என்று எவரேனும் சொன்னால் எனக்குச் சினம் வருகிறது.

ஆனால் காலம் மாறிற்று. 2002இல் இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. ஈயப் பெற்றோலுக்கென்றே அமைந்த பழைய இயந்திரங்களின் வால்வு இருக்கைகள் அதன்பின் விரைந்து தேயலாயின. 2022ஆம் ஆண்டின் எரிபொருட் பஞ்சத்தையோ எவரும் மறவார். சீனன்குடாவில் பிரித்தானியர் கட்டிய பெரும் எண்ணெய்த் தாங்கிகள் தொண்ணூற்றொன்பது நிற்கும் ஊரிலே, ஒரு காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர் என்ற பங்கீட்டுக்கு நாம் வரிசையில் நின்றோம். தேய்ந்துபோன என் இயந்திரம் எண்ணெயையும் குடித்தது, பெற்றோலையும் குடித்தது.

இரண்டாம் வியப்பு, நானா காட்டிய இயந்திரத்தைப் பற்றியது. அது நிசான் சன்னி வண்டியினுடைய 1171 சி.சி. இயந்திரம். அந்நியன் என்று அதனை நான் முகஞ்சுளித்துப் பார்த்தேன். பிறகு அதன் வீட்டு வரலாற்றைப் படித்தேன். நிசான் நிறுவனத்தார் 1952இல் ஒஸ்ரின் நிறுவனத்தோடு உடன்படிக்கை செய்து, ஒஸ்ரின் வண்டிகளையே ஜப்பானில் பொருத்திப் பழகியவர்கள். ஏ-40, ஏ-50 கேம்பிறிட்ஜ் ஆகியவை அவர்கள் கையில் உருவாயின. அந்தக் கேம்பிறிட்ஜின் 1500 சி.சி. இயந்திரத்தில் உந்தின் ஓட்டத்தைக் குறைத்து, 988 சி.சி. இயந்திரமாக்கித் தங்கள் டற்சன் வண்டியிற் 1957இல் பொருத்தினர். டொனால்ட் ஸ்ரோன் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் கூறிய யோசனை அது. சன்னியின் இயந்திரம் 1966இல் புதிதாக வரையப்பட்ட குடும்பத்தைச் சேர்ந்தது. எனினும் அதை வரைந்த கைகள் ஒஸ்ரின் பள்ளியிற் பாடம் கேட்ட கைகளே. என் மைனரின் இயந்திரமும் ஒஸ்ரின் குலத்ததன்றோ? வந்தவன் அந்நியன் அல்லன். ஒரே ஆசிரியரிடம் கற்ற இளைய மாணவன்.

“சரி நானா, செய்யுங்கோ” என்றேன். ஆனால் ஓர் அச்சம் இருந்தது. என்னோடு கற்பித்த நண்பர் ஒருவர், முன்னர் வேறோரிடத்தில், தம் பழைய வண்டிக்குப் பாரமான டீசல் இயந்திரம் ஒன்றைப் பொருத்துவித்தார். விலை மலிவு என்பதே காரணம். வண்டியின் மூக்குத் தாழ்ந்தது. சில்லைத் திருப்பத் தோள் வலித்தது. பிறேக் மட்டும் பழையபடியே இருந்தது. ஒரு மழைநாளில் ஓர்ஸ் ஹில் இறக்கத்தில் நிற்க மறுத்து, வாய்க்கால் மதிலில் மோதியது. நண்பரின் முழங்கால் இன்றும் மழைக்கு முன்னறிவித்தல் சொல்கிறது.

இதனை நானாவிடம் சொன்னேன். அவர் சிரித்தார். “ஓடுறதுக்கு முந்தி நிக்கப் படிக்கணும் சேர்” என்றார். அவர் முதலிற் கைவைத்தது இயந்திரத்தில் அன்று, பிறேக்கில். 948 சி.சி. வண்டியின் முன்சில்லுப் பிறேக் உருளை 7 அங்குலம். 1098 சி.சி. இயந்திரம் வந்தபோது, வலு கூடியதை அறிந்து, செய்தவர்களே அதனை 8 அங்குலம் ஆக்கினர். அந்த 8 அங்குல உருளைகளைப் பழைய வண்டி ஒன்றிலிருந்து தேடி எடுத்துப் பூட்டியபிறகே அவர் சன்னி இயந்திரத்தின் மேல் மூடியிருந்த சாக்கை நீக்கினார்.

பல மாலைகள் நான் அவர் அருகில் அமர்ந்து வேலையைப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க நான் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதும் புணரியலே அங்கு நடப்பது புலனாயிற்று. இரண்டு சொற்கள் புணரும்போது தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் மூன்று விகாரங்கள் நிகழும் என்கிறோம் அல்லவா? பின்சில்லுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் நெடுந்தண்டு, சன்னியின் முனையும் மொறிஸின் முனையும் பெற்று, நீளம் மாறித் திரிந்தது. பழைய மின்பிறப்பாக்கி கெட்டது. மொறிஸில் பற்றரியின் நேர்முனை வண்டியின் உடலோடு இணைந்திருக்கும், ஜப்பானிய முறையில் எதிர்முனை இணைய வேண்டும். எஞ்சியது தோன்றல். புதிய இயந்திரத்தின் காலும் பழைய சட்டத்தின் துளையும் ஒன்றையொன்று சேரவில்லை. இடையிலே இரண்டு இரும்புத் தாங்கிகள் வேண்டியிருந்தன. நானா அட்டையில் அளவு வெட்டி, கடைசற் பட்டறையில் கொடுத்து அவற்றைச் செய்வித்தார்.

அந்தத் தாங்கிகள் மொறிஸுக்கும் உரியன அல்ல. நிசானுக்கும் உரியன அல்ல. அவையின்றேல் இரண்டும் சேரா. இதுதானே உடம்படுமெய்! கோ என்பதும் இல் என்பதும் நேரே சேர்ந்தால் நா இடறுகிறது. யகரமோ வகரமோ இடையில் வந்து இரண்டையும் உடன்படுத்துகிறது. கோயில் என்கிறோம், கோவில் என்கிறோம். கோணேசர் குடிகொண்டிருக்கும் மலையைப் பார்த்து நாள்தோறும் இரண்டு விதமாகவும் சொல்கிறோம். இடையில் வந்த எழுத்தை எவரும் அந்நியம் என்று எண்ணுவதில்லை. பழைமை கெடுவது புதியது சேர்வதனால் அன்று, உடன்படுத்தாமற் சேர்ப்பதனால் என்று அன்று தெளிந்தேன். நண்பரின் வண்டி மதிலில் மோதியதும் உடம்படுமெய் இல்லாத புணர்ச்சியாலேதான்.

இன்னும் இரண்டு கட்டளைகளை நான் நானாவுக்கு இட்டேன். ஒன்று, இயன்றவரை இருந்த துளைகளையே பயன்படுத்துதல். உடலை வெட்டுதல் ஆகாது. மற்றொன்று, கழற்றிய ஓர் ஆணியையும் எறியாது வைத்தல். இவற்றுக்குக் காரணம் சேக்கிழார் பெரியபுராணத்திற் சொல்லும் திருமூலர் வரலாறு. கயிலையிலிருந்து வந்த சிவயோகியார், மூலன் என்னும் ஆயன் இறந்து கிடக்க, பசுக்கள் கதறுவதைக் காணப் பொறாமல், தம் உடலை ஓரிடத்திற் சேமித்துவிட்டு அவ்வாயன் உடலிற் புகுந்தார். மீண்டு வந்து தேடியபோது தம் உடலைக் காணவில்லை. மீளும் வழி அடைபட்டது. அவருக்கு அது இறைவன் திருவருள்; நமக்கோ அது ஒரு படிப்பினை. என் பழைய இயந்திரம், பூச்செண்ணெய் தடவிச் சாக்கிற் சுற்றப்பட்டு, எங்கள் கொட்டிலிற் கிடக்கிறது. நாளை என் பேரனுக்கு வசதி வந்து, சீமையிலிருந்து உதிரிப் பொருள் எடுத்து அதனை உயிர்ப்பிக்க விரும்பினால், அவனுக்கு வழி திறந்திருக்கிறது. புதிய இயந்திரத்தின் இலக்கத்தையும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்து, பதிவிற் சேர்ப்பித்தேன். மாற்றியதை மறைத்தால் அது மாற்றம் அன்று, பொய்.

எல்லாம் நிறைவாயிற்று என்று மகிழ்ந்து, ஒரு மாலை உட்துறைமுக வீதியால் வண்டியை ஓட்டிவந்தேன். ஏற்றம் தெரியவில்லை, மைனர் துள்ளியது. வீட்டு வாசலில் நிறுத்தினேன். உள்ளேயிருந்து அம்மாவின் குரல் கேட்டது: “பிள்ளை, ஆரோ வெளியாக்கள் வந்திருக்கினம். போய்ப் பார்.” அடுப்பு மூட்டப்படவில்லை.

திருமூலர் வரலாற்றில் பசுக்கள் மகிழ்ந்தன; மூலனின் மனைவியோ, வந்தவர் தன் கணவரல்லர் என்பதை உணர்ந்து தவித்தாள். அவ்விடத்தை நான் எத்தனையோ முறை வகுப்பிற் சொல்லியிருக்கிறேன். அதன் பாரத்தை அன்றுதான் உணர்ந்தேன். என் தந்தையார் வீடு திரும்பும் ஒலியை அல்லவா நான் கழற்றிக் கொட்டிலில் வைத்துவிட்டேன்! அந்த ஒலிக்கு உடம்படுமெய் ஒன்றும் நானாவின் பட்டறையில் இல்லை. அம்மாவின் அருகில் அமர்ந்து, நடந்ததைச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின், “அப்பாவின்ர சீற்றும் கதவும் இருக்குத்தானே?” என்று கேட்டார். கைபிடித்து அழைத்துச் சென்று வண்டியில் ஏற்றினேன். கதவைத் தாமே இழுத்துச் சாத்தினார். அந்தச் சத்தம் மாறவில்லை. கடற்கரை வரை போய் வந்தோம்.

அதன்பின் மூன்று மாதங்கள் ஆயின. இப்பொழுது நான் சந்தியைத் திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போது, உள்ளே நீர் கொதிக்கிறது.