ஏரி வாத்துகளைப் படம் எடுக்கப் போறீங்களா? கிட்ட போகாமலே நல்ல படம் கிடைக்க என்ன செய்யணும்?

வடகிழக்குப் பருவமழையில் ஏரி, குளம், கண்மாய் எல்லாம் நிரம்பிட்டா போதும், வடக்கே இருந்து காட்டு வாத்துகள் கூட்டம் கூட்டமா வந்து இறங்கும். அதுங்களுக்குப் பின்னாலேயே கேமராவும் செல்போனுமா நம்ம ஆட்களும் கரைக்கு வந்துடுவாங்க.

அங்கே அடிக்கடி நடப்பது இதுதான். "இன்னும் ரெண்டு அடி போனா சூப்பரா வரும்" என்று ஒருவர் தண்ணீர் ஓரம் வரை இறங்குவார். மொத்தக் கூட்டமும் எழும்பிப் பறந்துடும். படத்தில் மிஞ்சுவது வாத்துகளோட முதுகும் வாலும்தான். அதைவிடப் பெரிய நஷ்டம் அந்தப் பறவைகளுக்கு. ஏன்? கிட்ட போகாமலே நல்ல படம் எடுப்பது எப்படி? பார்க்கலாம்.

ஒரு தடவை பறந்தா என்ன ஆகிடும்?

ஒரு வாத்து செய்யும் வேலைகளிலேயே அதிக சக்தி செலவாவது பறப்பதற்குத்தான். வலசை வரும் வாத்துகளில் பல, இரவில் மேய்ந்துவிட்டுப் பகலில் தண்ணீரில் மிதந்தபடியே ஓய்வெடுக்கும். நமக்கு 'சும்மா தூங்குது' என்று தெரிவது, அதுக்கு சக்தியைச் சேமிக்கிற நேரம்.

இங்கே சேர்த்த கொழுப்பை வைத்துத்தான் மார்ச், ஏப்ரலில் மத்திய ஆசியா, சைபீரியா பக்கம் திரும்பிப் போகணும். காலையில் ஒருவர், மதியம் ஒருவர், மாலையில் ஒருவர் என்று கலைத்துக்கொண்டே இருந்தால், அந்தச் சேமிப்பு கரையும். தொந்தரவு தொடர்ந்தால் கூட்டம் அந்த ஏரியையே விட்டுப் போய்விடும்.

எந்தெந்த வாத்துகளைப் பார்க்கலாம்?

புள்ளிமூக்கு வாத்து: நம்ம ஊரிலேயே வருஷம் முழுக்க இருப்பது. கறுப்பு அலகின் நுனி மட்டும் மஞ்சளா இருக்கும்.

சீழ்க்கைச் சிறகி: இதுவும் உள்ளூர்வாசிதான். பழுப்பு நிறம். விசில் அடிப்பது போலக் கத்தும்.

குள்ளத்தாரா: நம்ம ஊர் வாத்துகளிலேயே மிகச் சின்னது. தாமரை, அல்லி இலைகளுக்கு நடுவே தேடிப் பாருங்க.

ஊசிவால் வாத்து: வலசை வருவது. ஆணுக்கு நீண்ட கூர்மையான வாலும் வெள்ளைக் கழுத்தும் உண்டு.

தட்டைவாயன்: மண்வெட்டி போல அகன்ற அலகு. தண்ணீரை வடிகட்டி உணவு எடுக்கும்.

நீலச்சிறகி: ஆணின் கண்ணுக்கு மேலே வளைந்த வெள்ளைக் கோடு இருக்கும்.

கறுப்பு உடம்பு, வெள்ளை நெற்றியோடு மிதக்கும் நாமக்கோழியை நிறைய பேர் வாத்து என்றே நினைப்பாங்க. அது வாத்து இனம் இல்லை.

எங்கே, எப்போ போகணும்?

கரிக்கிலி, பள்ளிக்கரணை, வடுவூர், கரைவெட்டி, கூந்தன்குளம், திருப்பூர் நஞ்சராயன் குளம் என்று நிறைய இடங்கள் இருக்கு. இந்த ஆறுமே சர்வதேச முக்கியத்துவம் பெற்ற ராம்சார் ஈரநிலங்கள். ஆனா இவ்வளவு தூரம் போகணும் என்ற கட்டாயம் இல்லை. உங்க ஊர் ஏரியிலேயே வாத்துகள் இருக்கலாம்.

நவம்பர் முதல் மார்ச் தொடக்கம் வரை சீசன். இதில் ஒரு ரகசியம் இருக்கு. வந்து இறங்கும்போது ஆண் வாத்துகள் பல, பெண் வாத்து மாதிரியே மங்கலான பழுப்பு நிறத்தில்தான் இருக்கும். பளிச்சென்ற நிறம் வர நாள் ஆகும். நீலச்சிறகியின் வெள்ளைப் புருவம் தெளிவாகத் தெரிய பிப்ரவரி, மார்ச் வரை காத்திருக்கணும்.

இன்னொரு காரணமும் உண்டு. இந்த வாத்துகள் தலையைத் தண்ணீருக்குள் கவிழ்த்து, வாலைத் தூக்கி மேய்பவை. ஆழம் அதிகம் என்றால் அடிக்கு அலகு எட்டாது. ஏரி நிரம்பி வழியும்போது சிதறிக் கிடக்கும் வாத்துகள், ஜனவரிக்குப் பிறகு தண்ணீர் வற்ற வற்ற ஆழமில்லாத இடங்களில் ஒன்றுகூடும். பெரிய அணைகளிலும் இதே கதைதான். அணைச் சுவர் பக்கம் தேடாதீங்க. தண்ணீர் வந்து சேரும் மேல்பகுதியின் ஆழமில்லாத ஓரங்களில் தேடுங்க. அணைச் சுவர், மதகுப் பகுதிகளில் படம் எடுக்கத் தடை இருக்கலாம். அறிவிப்புப் பலகையைப் பார்த்துக்கோங்க.

எந்தக் கரையில் நிற்பது?

காலையில் கிழக்குக் கரை. சூரியன் உங்க முதுகுக்குப் பின்னால் இருக்கும், வெளிச்சம் நேராக வாத்து மேல் விழும்.

இதில் கூடுதல் லாபமும் உண்டு. வாத்துகள் காற்றை எதிர்த்துத்தான் எழும்பும், இறங்கும். இந்த மாதங்களில் பெரும்பாலும் காற்று வடகிழக்கிலிருந்து வீசும். அதனால் கிழக்கு, வடகிழக்குக் கரையில் இருப்பவருக்கு வாத்தின் முகம் கிடைக்கும். எதிர்க்கரையில் நிற்பவருக்கு முதுகுதான்.

விடிவதற்கு முன்பே போய் உட்கார்ந்திடுங்க. நின்றுகொண்டே இருக்கும் ஆளைவிட, புதர் ஓரமாகவோ மரத்தடியிலோ அசையாமல் உட்கார்ந்த ஆளைப் பறவைகள் சீக்கிரம் மறந்துவிடும். கறுப்பு, பழுப்பு, பச்சை மாதிரி மங்கலான நிறத்தில் உடை போடுங்க. காரிலிருந்தே பார்க்க முடிகிற கரை என்றால் இறங்காதீங்க. வண்டியைவிட மனித உருவத்துக்குத்தான் பறவைகள் அதிகம் பயப்படும்.

எவ்வளவு தூரம் வரை போகலாம்?

இத்தனை மீட்டர் என்று ஒரே கணக்கு கிடையாது. பறவையே சொல்லும். மேய்ந்துகொண்டிருந்த வாத்து தலையைத் தூக்கிக் கழுத்தை நீட்டினால், உங்களைக் கவனிச்சிடுச்சு என்று அர்த்தம். அங்கேயே நில்லுங்க. கூட்டமாக உங்களுக்கு எதிர்த்திசையில் நகர ஆரம்பித்தால், நீங்க ஏற்கெனவே அதிகமா வந்துட்டீங்க. மெதுவாகப் பின்வாங்குங்க. திரும்ப மேய ஆரம்பித்தால் சரியான தூரம் அதுதான்.

கேமராவில் என்ன வைக்கணும்?

300 மி.மீ. லென்ஸ் இருந்தால் ஆரம்பிக்கலாம். 400 முதல் 600 மி.மீ. இருந்தால் வசதி. நீந்தும் வாத்துக்கு 1/500 நொடி ஷட்டர் வேகம் போதும். பறக்கும் வாத்துக்கு 1/2000 வைத்துக்கோங்க. ஃபோகஸ் எப்பவும் கண்ணில் இருக்கணும்.

தண்ணீர் பளபளக்கும்போது கேமரா ஏமாந்து, வாத்தைக் கறுப்பாக்கிவிடும். எக்ஸ்போஷரைக் கொஞ்சம் ஏத்துங்க. முடிந்தவரை தாழ்வாக உட்கார்ந்து, பறவையின் கண் மட்டத்தில் எடுங்க. கரை மேட்டிலிருந்து கீழ்நோக்கி எடுப்பதைவிடப் பலமடங்கு நல்லா வரும்.

செல்போன் மட்டும்தான் இருக்கா?

பரவாயில்லை. டிஜிட்டல் ஜூமை இழுக்காதீங்க, படம் கலங்கிடும். பனைமரம், கரை, மேகம், நடுவே வாத்துக் கூட்டம் என்று ஏரியோடு சேர்த்து எடுங்க. பைனாகுலர் இருந்தால் அதன் கண் பக்கத்தில் போன் கேமராவை ஒட்டிப் பிடித்து எடுக்கலாம். கை ஆடாமல் இருக்க ஏதாவது தாங்கல் வேணும்.

செய்யவே கூடாதது என்ன?

கல் எறிவது, கை தட்டிப் பறக்கவிடுவது, படகைக் கூட்டத்துக்குள் விடுவது, வாத்துகள் மேல் ட்ரோன் பறக்கவிடுவது எல்லாம் வேண்டவே வேண்டாம். வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972-இன்படி காட்டுப் பறவைகளின் கூட்டையும் முட்டையையும் தொந்தரவு செய்வதே 'வேட்டை' என்ற வரையறைக்குள் வரும். புள்ளிமூக்கு வாத்து கரையோரப் புல்லில், தரையிலேயே கூடு வைக்கும். அதனால் புல் புதருக்குள் மிதித்துக்கொண்டு போகாதீங்க. கூட்டைப் பார்த்தால் அந்த இடத்தை இணையத்தில் போடாதீங்க. சரணாலயம் என்றால் வனத்துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டு உள்ளே போங்க.

உங்க பாதுகாப்பும் முக்கியம். தண்ணீர் வற்றிய ஏரியின் சேறு மேலே காய்ந்து, உள்ளே ஆழமா இருக்கலாம். தெரியாத இடத்தில் கால் வைக்க வேண்டாம்.

எடுத்த படத்தால் என்ன பயன்?

தேதி, ஏரியின் பெயர், எத்தனை பறவைகள் என்று குறித்து ஈபேர்ட் தளத்தில் பதிவிட்டால் உங்க படம் ஒரு ஆவணம். பொங்கல் நாட்களில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் யார் வேண்டுமானாலும் கலந்துக்கலாம். மங்கோலியாவில் கழுத்துப்பட்டை மாட்டப்பட்ட வரித்தலை வாத்துகள் இந்தியாவில் பார்க்கப்பட்டிருக்கு. பட்டையில் உள்ள எண் தெளிவாக விழுந்த ஒரே ஒரு படம் போதும், அந்தப் பறவை எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடும்.

சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகள் பயந்துவிடக் கூடாது என்று தீபாவளிக்குக்கூடப் பட்டாசு வெடிப்பதில்லை. ஒரு ஊரே பண்டிகைச் சத்தத்தை விட்டுக்கொடுக்கும்போது, கேமராவோடு போகிற நாம ரெண்டு அடியை விட்டுக்கொடுக்கலாம். நீங்க எழுந்து வந்த பிறகும் வாத்துகள் அதே இடத்தில் மேய்ந்துகொண்டிருந்தால், அன்றைக்கு நீங்க நல்லா படம் எடுத்திருக்கீங்க என்று அர்த்தம்.